சேதிக்கு முன்னால் ஒரு சொல்

மெட்ராஸில் ஒரு சேதியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் மந்தைவெளியில், எங்கள் தெருவில், எதிர் வீட்டில் குடியிருந்தார். பெயர் பி.பி. மாமா.

இன்றைய வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தொண்ணூறுகளின் முற்பாதியில் டெலிபோனுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்போம். அதுவரை தெருவில் யார் வீட்டில் போன் இருக்கிறதோ அந்த நம்பரை எல்லோரும் ஊருக்கெல்லாம் கொடுத்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பி.பி.' என்று எழுதிவிடுவோம். அடுத்த வீட்டு நம்பர், கூப்பிட்டுவிடுவார்கள் என்று அர்த்தம். எங்கள் தெரு முழுவதற்கும் மாமா வீட்டுக் கறுப்பு போன்தான் பி.பி. அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாமா தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அனுபவத்திலிருந்து ஒரு கொள்கை வகுத்திருந்தார்.

"தந்தின்னு சொன்னாலே அழுதுடுவாடா. கல்யாணத்துக்கு வாழ்த்துத் தந்தி கொண்டுபோனாக்கூட வாசல்லயே ஒப்பாரி. அதனால சேதியை அப்புறம் சொல்லணும். முதல்ல அதுக்கு சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமான்னு சொல்லிடணும்."

"அதை ஏன் இங்கிலீஷ்ல சொல்றேள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தமிழ்ல சொன்னா உடனே புரிஞ்சுடும். மனசு பதறும். இங்கிலீஷ்னா யோசிக்கணுமோல்லியோ, அதுக்குள்ள ஆள் தயாராயிடுவான்."

ஆகவே போன் வந்ததும் மாமா அந்த வீட்டு வாசலில் போய் நின்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை அறிவிப்பார். "ஃபார்ச்சுனேட்லி" என்றால் உள்ளே இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே வரலாம். "சேட்லி" என்றால் துண்டை எடுத்துக்கொண்டு வர வேண்டும். "ஹோப்ஃபுல்லி" என்றால் லைன் பாதியில் கட்டாகிவிட்டது, மறுபடி வரும், காத்திரு என்று பொருள்.

ஆட்டோக்காரர் ஏழுமலை ஒரு தடவை பிரசவ வார்டில் மனைவியைச் சேர்த்துவிட்டு, கையில் பைசா இல்லாததால் ஆட்டோ ஓட்ட வந்துவிட்டார். தெருமுனை ஸ்டாண்டில்தான் வண்டி போடுவார். மதியம் போன் வந்தது. மாமா ஸ்டாண்டுக்கே போனார்.

"தேங்க்ஃபுல்லி," என்றார்.

"ஐயரே, புள்ளையா பொண்ணா, அத்த சொல்லு."

"அவசரப்படாதே. முதல்ல தேங்க்ஃபுல்லியை வாங்கிக்கோ."

"வாங்கிக்கினேன். இன்னா பொறந்துச்சு?"

"சர்ப்ரைஸிங்லி..."

ஏழுமலை பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா ஐயரே, பயமா கீது."

"ரெண்டு," என்றார் மாமா.

மூன்றாம் வீட்டுக் கணக்கு வாத்தியார் விஷயம் வேறு மாதிரி. "ரிக்ரெட்டபிளி, உங்க சம்பந்தி நாளைக்கு வரார்" என்று மாமா அறிவித்தபோது வாத்தியாருக்குக் கோபம் வந்தது.

"இதுல வருத்தப்பட என்ன சார் இருக்கு?"

"போன தடவை வந்தப்போ பாத்தேனே."

சம்பந்தி மாசியில் வந்தவர், பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவரும் பார்த்த பிறகுதான் பெட்டியைக் கட்டினார். அவரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய வாத்தியார் நேராக மாமா வீட்டுக்குள் போய், "நீங்க சொன்னது ரொம்பச் சரியான வார்த்தை" என்று கைகுலுக்கினார். அதன் பிறகு மாமாவின் சொல்லைத் தெருவில் யாரும் கேள்வி கேட்டதில்லை. சொல்லைக் கேட்ட கணமே காரியத்தில் இறங்கிவிடுவார்கள். சேதிக்கு நிற்பதுகூட இல்லை.

இந்தப் பழக்கத்தால்தான் என் வாழ்க்கை ஒரு பாத்திரக்கடையில் முடியப் பார்த்தது.

வருடம் 1994. என் தம்பி 1993 என்று சாதிப்பான். டைரி என்னிடம் இருக்கிறது, அவனிடம் இல்லை. பி.காம். முடித்து இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். புனேயில் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வு முடித்து, புதன்கிழமை போன் செய்கிறோம் என்றது. தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருந்த பெரியப்பாவும் அதே புதன்கிழமையைத்தான் கெடுவாக வைத்திருந்தார். "அது இல்லேன்னா அன்னிக்கே வந்து கடையில உக்காந்துடணும். அப்புறம் இன்டர்வியூ, கிண்டர்வியூன்னு ஓடக் கூடாது" என்பது அவர் நிபந்தனை. அப்பாவும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு எண்களோடு பழக்கம் உண்டு, குடங்களோடு கிடையாது.

புதன்கிழமை பத்தரை மணிக்கு எதிர் வீட்டில் மணி அடித்தது. நான் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா வெளியே வந்தார். வழக்கம்போல் வேகமாக வரவில்லை. தெருவைக் கடக்கவே நேரம் எடுத்துக்கொண்டார். என் எதிரில் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்ஃபார்ச்சுனேட்லி..."

அவ்வளவுதான் கேட்டேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்வதற்குள், வீட்டிலும் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்துவிட்டேன்.

"இன்னா நைனா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?" என்றார் ஏழுமலை.

"மாமா அன்ஃபார்ச்சுனேட்லின்னுட்டார்."

ஏழுமலை பீடியை அணைத்தார். "அய்ய. அந்த நீட்டு வார்த்தையா? அப்ப பூட்ச்சு. எங்க போவணும்?"

"பாத்திரக்கடைக்கு."

பெரியப்பா என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெயித்தவர்கள் கேட்க மாட்டார்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டும் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார். சீர் பாத்திரம் வாங்குகிறவர்கள் சொல்லும் பெயர்களை நான் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும், மெஷின்காரர் வெட்டுவார். அந்த மெஷினின் இரைச்சலில், இனிமேல் ஆயுள் முழுவதும் மற்றவர்கள் வீட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டிருக்கப் போகிறோம் என்ற எண்ணம் வந்தது. ஒரு தவலைக்கான பெயரில் தப்புச் செய்தேன். கல்யாணப் பெண்ணின் தாயார் வைதார்.

இதற்கிடையில் மந்தைவெளியில் நடந்ததை ஏழுமலை பிறகு எனக்கு விவரமாகச் சொன்னார். அவர் வேறு சவாரியெல்லாம் முடித்து ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. மாமா சட்டை போடாமல், மேல்துண்டோடு, தெருத்தெருவாக என்னைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

"ரகுவைப் பாத்தியாடா?"

"தி.நகர்ல உட்டுட்டு வரேன். கடைல குந்திக்கினு கீது."

"மடையா, அவனுக்கு வேலை கிடைச்சுடுத்து. மூணு மணிக்குத் திரும்பப் பேசுவா. அவன் வாயால வரேன்னு சொல்லணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவா."

"நீதான ஐயரே அந்த வார்த்தைய சொன்ன?"

மாமா ஆட்டோவில் ஏறிவிட்டாராம்.

கடை வாசலில் அவரைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மாமா ஆட்டோவில் ஏறி வருகிறவர் அல்ல. இரைச்சலில் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. மெஷின்காரர் மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"வேலை கிடைச்சுடுத்துடா. கிளம்பு," என்றார் மாமா. முன்னால் எந்தச் சொல்லும் வைக்காமல் அவர் ஒரு சேதியைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா கல்லாவிலிருந்து, "வாக்கு வாக்குதான்" என்றார்.

மாமா அவர் பக்கம் திரும்பி, "ஃப்ராங்க்லி, உங்க கடை வெளங்கணும்னா இவனை அனுப்பிடுங்கோ" என்றார். பெயரைத் திருத்தி வாங்க நின்றிருந்த தவலைக்கார அம்மாளும் அதை ஆமோதித்தார்.

பனகல் பார்க் சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டுவிட்டேன். "கிடைச்ச வேலைக்கு ஏன் மாமா அன்ஃபார்ச்சுனேட்லின்னேள்?"

மாமா பார்க் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "புனே எவ்வளவு தூரம் தெரியுமோ? ஊரார் சேதியெல்லாம் நான் சொல்றேன். என் அபிப்ராயத்தை ஒரு நாள் சொல்லக் கூடாதா?"

ஏழுமலை திரும்பாமலே சொன்னார்: "சேதிய சொல்லிட்டு அப்பால அபிப்ராயம் சொல்லு ஐயரே. வயசுப் பையன் வாழ்க்கை பூடும்."

பச்சை விழுந்தது. மாமா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏழுமலை சந்துகளில் வண்டியைச் செலுத்திய விதத்துக்கு எந்த மொழியிலும் சொல் கிடையாது.

மூன்று மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. மாமி போனுக்குப் பக்கத்தில், ரிசீவர் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் பேச வந்த வாத்தியாரையும் இன்னும் இருவரையும் திண்டாடவிட்டு, கூடத்தில் நிற்கவைத்திருந்தாள். மணி அடித்தது. மாமா எடுத்து, "ஆனஸ்ட்லி, ஹி இஸ் எ வெரி குட் பாய்" என்று கம்பெனி மேலாளரிடம் சம்பந்தமில்லாமல் ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். வருகிறேன் என்று சொன்னேன்.

அடுத்த மாதம் புனே போய்ச் சேர்ந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று மந்தைவெளிக்குப் போட்டேன்.

"ரகுவா? லைன்ல இரு, அம்மாவைக் கூப்பிடறேன்."

"வேண்டாம் மாமா. அம்மாவோட அப்புறம் பேசறேன். உங்களோட பேசத்தான் போட்டேன்."

அத்தனை வருடமாகத் தெருவுக்கே மணி அடித்த அந்த போன், அவருக்காக அடித்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அவர் உள்பக்கம் திரும்பி மாமியிடம் சொன்னது, பொத்தியும்கூட எனக்குக் கேட்டது.

"எனக்காம்."