மூக்கண்டப்பள்ளிக் கருப்பசாமி பக்கத்தின் அகலம் மீட்ட படலம்

வாழ்க கருப்பசாமி! கோவில்பட்டிக் கரிசலில் முளைத்து, ஓசூர்க் குளிரில் விறைத்து, மூக்கண்டப்பள்ளி மூன்றாவது குறுக்குத் தெருவில் இரண்டறை வாடகைக் கோட்டை கொண்டு, கியர்த்தண்டு கடையும் தொழிற்சாலையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தர ஆய்வாளனாய் வீற்றிருந்து, மயிரிழையில் பாதி பிசகிய இரும்பையும் ‘ரிஜெக்ட்’ என்னும் ஒற்றைச் சொல்லால் சிவப்புத் தொட்டிக்கு அனுப்பும் செங்கோலனே, மில்லிமீட்டரையும் பிளந்து அளக்கும் வெர்னியர் காலிப்பர் என்னும் வெற்றிவேல் ஏந்திய வித்தகனே, வாழ்க! நாலு கோடும் நிறைந்து நிற்கும் சிக்னல் தாயே, இவன் கதையைச் சொல்லி முடிக்கும்வரை என்னைக் கைவிடாதே! இவன் புகழைப் பாட ஆயிரம் நாக்கு வேண்டும். இருப்பது ஒன்றுதான், அதை வைத்துச் சமாளிக்கிறேன்.

தொழிற்சாலையில் இத்தனை கீர்த்தி பெற்றவனுக்கு வீட்டில் என்ன பதவி என்று கேட்பீர்கள். அங்கே ஆட்சி பேச்சியம்மாளுடையது. அடுப்பும் பீரோச் சாவியும், ஊரில் எந்தக் கல்யாணத்துக்கு யார் போவது என்னும் வெளியுறவும், மகள் ரஞ்சிதா என்ன படிப்பது என்னும் தொலைநோக்கும் அவள் ஆணைக்கு அடங்கியவை. கணவனுக்கென்று அவள் விட்டுக்கொடுத்தது ஒரே ஓர் இலாகா. ஐந்து நாளுக்கொரு முறை, தனக்குத் தோன்றிய நேரத்தில் வந்து தனக்குத் தோன்றிய நேரத்தில் போகும் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே அறிந்து அறிவிக்கும் இலாகா அது. ‘எல்லைச் சேதி’ என்ற உள்ளூர் இணையதளத்தில் தெரு, நாள், நேரம் என்று மூன்று பத்தியில் ஓர் அட்டவணை வரும், அதைப் பார்த்து, தொண்டையைச் செருமி, “நாளைக்குக் காலையில ஆறே கால்!” என்று கருப்பசாமி முழங்குவான், மறுநாள் அதே நேரத்தில் குழாய் சீறும், பேச்சியம்மாள் அவனை ஒரு பார்வை பார்ப்பாள். அந்த ஒரு பார்வைக்காகத்தான் மனுஷன் உயிர் வாழ்ந்தான்.

அப்படியிருக்கையில், ஐயோ, என்ன சொல்வேன், ‘எல்லைச் சேதி’ புதுப்பொலிவு பூண்டது! பரந்து விரிந்து கிடந்த பக்கம் ஜடை ரிப்பன்போல் ஒடுங்கியது. இடப்புறம் ‘பெங்களூருக்குப் பத்தே நிமிடம்’ என்று முழங்கும் வீட்டுமனைப் படை. வலப்புறம் மூட்டுவலித் தைலப் படை. கீழிருந்து மெத்தை விளம்பரமொன்று வெள்ளம்போல் எழும்பி எழும்பி எழுத்தை விழுங்கியது. நடுவில் நசுங்கிய அட்டவணையில் தெரு தெரிந்தது, நாள் தெரிந்தது, நேரம் மட்டும் தைலத்துக்குப் பின்னால் சிறைப்பட்டது. நேரம் தெரியாத கருப்பசாமி முதல் முறை மாலை என்று குத்துமதிப்பாய்ச் சொன்னான், தண்ணீர் காலையில் வந்தது. அடுத்த முறை காலை என்றான், அது மத்தியானம் வந்தது. பத்து நாளாக அந்த வீடு லாரித் தண்ணீரிலும் கடன் குடத்திலும் குளித்தது.

பேச்சியம்மாள் காலிக் குடத்தைத் தரையில் வைத்துப் பிரகடனம் செய்தாள். “இந்தாருங்க, ஒங்க ஒருத்தர நம்பி மூணு பேரும் நாறிக்கிட்டுத் திரியுறோம். ஞாயித்துக்கிழமயும் தப்புச்சுன்னா தண்ணி சோலிய நான் பாத்துக்கிடுதேன், நீங்க பேசாம செல்லு நோண்டிக்கிட்டுக் கெடங்க!”

பதவி பறிபோகும் நாள் குறிக்கப்பட்டதைக் கேட்ட வீரன் வெர்னியரை எடுத்துத் துடைத்தான்.

ஞாயிறு பொழுது புலர்ந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காதாகையால், இடக்கையில் செல்பேசியும் வலக்கையில் வெர்னியருமாகக் கருப்பசாமி மூன்று மாடிப் படியேறி மொட்டை மாடி என்னும் போர்க்களம் புகுந்தான். முதலில் ‘வாசகர் கருத்து’ப் பகுதியைத் திறந்து பார்த்தான். அங்கே கேட்ட ஓலம் கல்லையும் கரைக்கும். நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர் பெருமாள், மாங்காய் விலையில் முதல் எண்தான் தெரிகிறது, மீதியை யார் தின்றது என்று வெகுண்டிருந்தார். இன்னொருவர், கண்ணீர் அஞ்சலியில் எங்கள் மாமாவுக்குப் பாதி முகம்தான் இருக்கிறது, மீதிப் பாதியில் மெத்தை இருக்கிறது என்று அழுதிருந்தார். ‘சூப்பர் ப்ரோ’ என்று ஒரேயொரு பாராட்டும் இருந்தது. எழுதியவர் யாரென்று பார்த்தால் தளத்தை நடத்துபவரின் மச்சான்.

இத்தனை பேர் புலம்பியும் ஒருவராவது அளந்து பார்த்தார்களா? அளவில்லாத குறை குறையே அல்ல என்பது கருப்பசாமியின் வேதம். செல்பேசியை மாடிக் கைப்பிடிச் சுவரில் கிடத்தி, வெர்னியரின் தாடைகளை விரித்து, மூச்சையடக்கி அளந்தான். முன்பு எடுத்து வைத்திருந்த பழைய ஸ்கிரீன்ஷாட்டில் எழுத்தின் அகலம் அறுபத்து நான்கு புள்ளி இரண்டு மில்லிமீட்டர். புதியதில் முப்பத்தொன்று புள்ளி ஆறு. பாதிக்கும் குறைவு! விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி ஒன்றரை மில்லிமீட்டர். அதை அழுத்த வேண்டிய தன் கட்டைவிரல் இருபது மில்லிமீட்டர். ஒன்றரைத் துளைக்குள் இருபது தண்டை எந்தக் கம்பெனியிலடா நுழைத்தார்கள் என்று அவன் உள்ளம் கொதித்தது.

கொதித்தவன் அந்தக் குறியை அழுத்தினான். மனை விளம்பரம் முழுத்திரைக்கு விரிந்தது. பின்வாங்கி, விரலைச் சாய்த்து, நகத்தின் நுனியால் தொட்டான். தைலம் பாட ஆரம்பித்தது. தைலத்தை வெட்டினால் மெத்தை எழுந்தது, மெத்தையை வீழ்த்தினால் மறுபடி மனை முளைத்தது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் அவிழ்ந்த மாட்டைப் பிடிக்கப் போனவன்போல் அவன் மாடி முழுக்க ஓடி ஓடி ஒவ்வொரு மூலையிலும் சிக்னல் தேடிப் பொருதினான். மெத்தையிடம் மட்டும் ஒன்பது முறை தோற்றான்.

இனி ஆயுதம் மாற்றுவதென்று தீர்மானித்தான். ஆலை உலகில் ஓர் அஸ்திரம் உண்டு. அதன் பெயர் என்.சி.ஆர். அளவு தவறிய பொருளைத் தந்தவன்மேல் எழுதப்படும் குறை அறிக்கை அது. பெற்றவன் பதில் சொல்லாமல் உண்ண முடியாது, உறங்க முடியாது. கருத்துப் பெட்டி ஒரு தடவைக்கு இருநூறு எழுத்துதான் ஏற்கும் என்பதால், அந்த அஸ்திரத்தைப் பதினொரு துண்டாக எய்தான். பொருள்: இணையப் பக்கம். குறை: அகலம் போதாது. இருக்க வேண்டிய அளவு இவ்வளவு, இருக்கும் அளவு இவ்வளவு. பிறகு மூலகாரணம் தோண்டும் ஆலை முறைப்படி ஐந்து ‘ஏன்’. நேரம் ஏன் தெரியவில்லை? பத்தி வெட்டுப்பட்டது. ஏன் வெட்டுப்பட்டது? பக்கம் ஒடுங்கியது. ஏன் ஒடுங்கியது? விளம்பரத்துக்கு இடம் கொடுத்தது. ஏன் கொடுத்தது? யாரும் அளந்து பார்க்கவில்லை. ஏன் அளக்கவில்லை? ‘அதை நீங்கள்தான் சார் சொல்ல வேண்டும்.’ முடிவு: ரிஜெக்ட்.

அவன் எய்துகொண்டிருந்த வேளையில் கீழே தெருவில் குடங்கள் ஒன்றோடொன்று மோதின, வாளிகள் முழங்கின, பெண்கள் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஆர்ப்பரித்தார்கள். அந்தப் பேரொலி அவன் காதில் தனக்காகக் கொட்டும் வெற்றி முரசாகவே விழுந்தது. ஏழாவது துண்டை இன்னும் உற்சாகமாக எழுதினான்.

பாகலூர் சாலையில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் தனியொருவனாக அந்தத் தளத்தை நடத்திவந்த ஹரீஷ்குமார், பல் துலக்கியபடியே செல்பேசியைப் பார்த்தான். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அவனும் ஆறாண்டு ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் வெந்தவன். வேலையை விட்டு மூன்று வருடமாகியும் என்.சி.ஆர். என்ற மூன்றெழுத்தைக் கண்டதும் அவன் வாயிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. மாங்காயும் அஞ்சலியும் அசைக்காத நெஞ்சத்தை அந்த ஐந்து ‘ஏன்’ பிளந்தது. வாய்கூடக் கொப்பளிக்காமல் கணினி முன் அமர்ந்து, மனையைத் தள்ளினான், தைலத்தைத் துடைத்தான், மெத்தையைச் சுருட்டிப் பக்கத்தின் அடியில் போட்டான். பிறகு பதிலெழுதினான்: “குறை ஏற்றுக்கொள்ளப்பட்டது சார். பழைய அகலம் திரும்ப வெச்சாச்சு. தயவுசெஞ்சு ரிப்போர்ட்ட க்ளோஸ் பண்ணிடுங்க சார்.”

ஆகா! மூக்கண்டப்பள்ளி மொட்டை மாடியில் பக்கம் விரிந்தது! அறுபத்து நான்கு புள்ளி இரண்டு! துளி பிசகில்லை, மறுபடி அளந்தும் பார்த்துவிட்டான். கருப்பசாமிக்குக் கண் நிறைந்து தளும்பியது; இருபத்திரண்டு வருடத்தில் எந்த இரும்பும் தராத சந்தோஷம் அது. தெரு நின்றது, நாள் நின்றது, அவற்றின் பக்கத்தில் சிறைமீண்ட இளவரசியாய் நேரமும் வந்து நின்றது. மூன்றாவது குறுக்குத் தெரு, ஞாயிறு, காலை ஆறே கால் முதல் ஏழே கால் வரை. செல்பேசியின் உச்சியில் மணி ஏழு நாற்பது என்றிருந்தது.

கீழே தெருவில் அப்போது ஒரு சத்தமும் இல்லை. அவன் ஒவ்வொரு படியாய் இறங்கவில்லை, மூன்று மூன்றாகத் தாவினான்; இடையில் ஒரு செருப்பு மாண்டது; போச்சே, எல்லாம் போச்சே, ஜெயித்த பிறகா தோற்க வேண்டும் என்று குலதெய்வத்தைக் கூப்பிட்டபடி, ஒற்றைச் செருப்போடு வாசலில் போய் நின்று, “பேச்சி! ஆறே கால்! ஆறே காலுக்கே வந்துருக்கு!” என்று உலகதிர முழங்கினான்.

பேச்சியம்மாள் நிரம்பிய டிரம்முக்கு மூடி போட்டுக்கொண்டே, “தண்ணியெல்லாம் புடிச்சாச்சு, பக்கத்து வீட்டு நஞ்சம்மாக்கா வீட்டுக்காரருதான் நம்ம தெருவுக்குத் தண்ணி வால்வு தொறக்குறவராம், இனிமே அவங்ககிட்டயே கேட்டுக்கிடுதேன்” என்றாள்.