அஸ்கலே எண்ணிய ஞாயிறுகள்

"ஒன்பது ஞாயிறு ஆச்சுடி. ஒன்பதுக்கும் உள்ளேதான் நின்னே. மறைக்காம சொல்லு, எத்தனை மாசம்?"

பெலைனேஷுக்குக் காபி புரையேறியது. கேட்டவள் பக்கத்து வீட்டு அஸ்கலே. அவள் வீட்டுக் காபி என்பதால் எழுந்து ஓடவும் வழியில்லை. வழக்கப்படி மூன்றாம் சுற்றுக் காபியும் குடிக்காமல் கிளம்பினால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தெருவுக்கே சொல்லிவிடுவாள்.

தெப்ரெ பிர்ஹான் ஊரில் மாதவிலக்கான பெண் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கமாட்டாள். முற்றத்து மரத்தடியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். அது அவளுக்கும் கடவுளுக்கும் உள்ள விஷயம். நடுவில் புகுந்தவள் அஸ்கலே. எந்த ஞாயிறு எவள் வெளியே, எவள் உள்ளே என்று தெருவிலிருந்த அத்தனை வயிறுகளும் அவளுக்கு மனப்பாடம். பத்துக் கட்டளையில் நாலுக்கு மேல் சொல்லத் தெரியாது. இது மட்டும் ஒரு வாரம் பிசகாது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் தள்ளிப்போகுது."

"எனக்கும் அப்படித்தான் தள்ளிப்போச்சு. ஆறு தடவை. ஆறும் இப்ப வீட்டுல சோறு சோறுங்குதுங்க!"

மூன்று பெண் பிள்ளைகள் போதும் என்று பெலைனேஷ் முடிவு செய்திருந்தாள். நாலாவது பையன் என்று அவள் புருஷன் கிஃப்லே முடிவு செய்திருந்தான். ஆகையால் அவனிடம் மூச்சுவிடாமல், மூன்று மாதத்துக்கொரு தடவை சுகாதார நிலையத்துக்குப் போய்க் கையில் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். போன தடவை சித்தப்பா செத்துப்போக, துக்க வீட்டில் உட்கார்ந்ததில் இரண்டு வாரம் பிந்திவிட்டது. அதிலிருந்து விலக்கே காணோம். இது ஊசியின் வேலையா, கிஃப்லேயின் வேலையா? அவளைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வி அதுதான்.

சாயங்காலம் பஜாஜ் ஆட்டோ ஓட்டிவிட்டு வீடு திரும்பிய கிஃப்லேயின் கக்கத்தில் ஒரு சிவப்புச் சேவல் இருந்தது.

"ஸ்டாண்டுல எல்லாவனும் கைகுடுக்கிறான்! எங்கிட்ட மறைச்சுட்டியே!"

"எதை?"

"தெவோத்ரோஸை!"

எட்டு வருஷமாக, மூன்று பெண்கள் பிறந்தபோதும் வைக்க முடியாமல் அவன் பத்திரப்படுத்தி வைத்திருந்த பெயர் அது.

"சேவலுக்காப்பா பேரு வெச்சிருக்கே?" என்றாள் மூத்தவள்.

"உன் தம்பிக்குடி!"

"ஏங்க, இன்னும் நிச்சயமாத் தெரியாதுங்க..."

"அஸ்கலேக்காவே சொல்லிட்டாங்க. அப்புறம் டாக்டர் எதுக்கு?"

மறுநாளே பெலைனேஷ் சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கலாம். போனால் வாசலில் எவளாவது பார்ப்பாள். எவள் பார்த்தாலும் அஸ்கலே பார்த்த மாதிரிதான். ஆகவே அவள் வேறொரு யோசனை செய்தாள். அடுத்த ஞாயிறு, வெள்ளை நெத்தலாத் துணியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு மரத்தடியில் போய் நின்றாள். அங்கே ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் அதேபோல் முகத்தை மூடிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் குளிரில் நின்றுகொண்டிருந்தார்கள். 'மாதாவே, பொய்யாத்தான் நிக்கிறேன், மன்னிச்சுடு' என்று வேண்டிக்கொண்டாள். வாசலில் அஸ்கலேயின் தலை திரும்பியது. அப்பாடா, பார்த்துவிட்டாள். தொல்லை விட்டது.

எங்கே விட்டது? இருட்டுவதற்குள் அஸ்கலே ஒரு சட்டி வெண்ணெய்க் கஞ்சியோடு வந்து நின்றாள்.

"அழாதடி. போனது போகட்டும். உடம்பைத் தேத்து."

"எது போச்சு?"

"குழந்தைதான்! போன வாரம் உள்ளே, இந்த வாரம் வெளியே. இதுகூடவா எனக்குப் புரியாது?"

மூலையில் கிஃப்லே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் ஒரு கேன் நிறைய தீர்த்தம். "தெவோத்ரோஸ் போயிட்டானே!" என்றான். அன்றைக்கு வெட்டியிருக்கவேண்டிய சேவல் மட்டும் கட்டிலுக்கடியில் சந்தோஷமாகக் கொக்கரித்தது.

ஒரு வாரம் அவளைப் படுக்கையைவிட்டு எழவே விடவில்லை. தெருப் பெண்கள் ஆளுக்கொரு சட்டியோடு வந்து உச்சுக்கொட்டினார்கள். பொறுக்க முடியாமல், அடுத்த ஞாயிறு எதுவுமே நடக்கவில்லை என்று காட்டுவதற்காகப் பெலைனேஷ் நேராகக் கோயிலுக்குள் போய் நின்றாள்.

பின்னாலிருந்து சீறல் வந்தது. "அடிப்பாவி! கலைஞ்சவ உள்ளே வரலாமா? பையன்னா நாப்பது நாள், பொண்ணுன்னா எம்பது நாள்!"

"எனக்குக் கலையவே இல்லக்கா!"

பாட்டு நின்ற இடைவெளியில் அந்தச் சொல் கோயில் முழுக்கக் கேட்டுத் தொலைத்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து கிஃப்லே இரண்டு கையையும் தூக்கினான்.

"உயிரோட இருக்கான்!"

அன்று மத்தியானம் சேவல் உயிரோடு இல்லை.

திங்கட்கிழமை, எவள் பார்த்தாலும் சரி என்று பெலைனேஷ் சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். நர்ஸ் சோதித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒண்ணும் இல்லம்மா."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இந்த ஊசி போட்டா சிலருக்குச் சுத்தமா நின்னுடும். சிலருக்கு நெனச்ச நேரத்துல சொட்டும். ரெண்டு வாரம் பிந்தினதுக்குத் தப்பிச்சே. அடுத்த தடவை எந்தச் சித்தப்பா செத்தாலும் இங்க வந்து ஊசி போட்டுட்டு அப்புறம் போய் அழு."

பெலைனேஷ் காற்றில் மிதந்துகொண்டு திரும்பினாள். தெருமுனை வந்தபோது அந்தச் 'சொட்டும்' ஆரம்பித்தது. ஆரம்பித்தது நிற்கவில்லை. இன்று கொஞ்சம், நாளை இல்லை, மறுநாள் மறுபடி. ஒரு ஞாயிறு வெளியே, அடுத்த ஞாயிறும் வெளியே. இப்போது நிஜமாகவே நின்றாள். ஆனால் நிஜத்துக்கு அந்தத் தெருவில் என்ன மரியாதை?

"மொதல்ல இருக்குன்னா, அப்புறம் இல்லைன்னா, இப்ப நிக்கவே மாட்டேங்குது. இது பேய்தான்" என்று அஸ்கலே தீர்ப்பு சொன்னாள். "கோயில் குருவைக் கூப்பிட்டு சிலுவையை வெச்சு வாய்விட்டுக் கேக்கச் சொல்லு, கிஃப்லே. எல்லாம் வெளிய வந்துடும்."

அவள் சொல்லி கிஃப்லே தட்டினதுண்டா? மூன்றாம் ஞாயிறு காலையில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "பூசை முடிஞ்சதும் குரு நம்ம வீட்டுக்கு வர்றாரு. அவரு என்ன கேட்டாலும் எம்முன்னாலயே சொல்லிடணும். சரியா?"

பெலைனேஷ் மரத்தடிக்கு வந்து நின்றாள். குருவிடம் பொய் சொல்ல வாய் வராது. கிஃப்லே முன்னால் ஊசி என்றால் வீடு இரண்டாகும். அதோடு ஊசியும் போச்சு, வருஷத்துக்கொரு தெவோத்ரோஸ்தான்.

"ஏண்டி இப்படி நடுங்குறே? குளிருதா?"

பக்கத்தில் நின்றவள் நெத்தலாவை மூக்குவரை இறக்கினாள். குருவின் மனைவி ஃபந்தாயே! பெலைனேஷுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊசி, சித்தப்பா, சேவல், கஞ்சி, பேய் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

ஃபந்தாயே முகம் கோணாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அவரு உன் வீட்டுக்கு வரமாட்டாரு. அதை நான் பாத்துக்கிறேன்."

"நெசமாவாக்கா? நான் ஊசி போட்டது பாவமில்லையா? இத்தனை பேரு முறையா விலக்காகி நிக்கிற இடத்துல..."

வாசலில் அஸ்கலே மரத்தடிப் பக்கம் திரும்பி விரல்விட்டு எண்ணத் தொடங்கியிருந்தாள். ஃபந்தாயே துணியைச் சட்டென்று கண்வரைக்கும் ஏற்றிக்கொண்டு, அதற்குள்ளிருந்து கிசுகிசுத்தாள்.

"மெதுவாப் பேசுடி! இங்க நெசமாவே விலக்காகி நிக்கிறவ நீ ஒருத்திதான். மத்த பதிமூணு பேரும் ஊசி போட்டுக்கிட்டு, இவ கண்ணுக்காக வாரத்துக்கொரு கூட்டம் முறைவெச்சு நிக்கிறோம். உனக்கு இது நின்னதும் சொல்லு, மாசத்துல மூணாவது ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல ஒரு எடம் காலியா இருக்கு."