கிப்பாஸ் அண்ணனின் பிஸ்கட் டின்

இந்த நாட்டில் நாற்காலி என்ற பொருளைக் கொஞ்சமும் மதிக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் கிப்பாஸ் அண்ணன்தான். கேஎல் நகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த கல்யாண அட்டைக் கடையில் அவருக்கென்றே ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார்கள். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை கடைசிவரை கிழியவே இல்லை. உட்கார்ந்தால்தானே கிழிவதற்கு?

மலாயில் கிப்பாஸ் என்றால் மின்விசிறி. அந்தப் பெயரை வைத்தவர் எங்கள் கடையின் மேடம். அண்ணனின் சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். அச்சாகி வந்த அட்டைகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சேர்க்கும் டெஸ்பாட்ச் வேலை அவருடையது. வடக்கே ரவாங் வரை போய்த் திரும்பியவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தெற்கே செமினிக்கு ஏதும் இருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடும். பிறகு கடைக்குள்ளேயே வாசலுக்கும் அச்சு இயந்திரத்துக்கும் நடுவில் நடை. தண்ணீர் குடிப்பது நடந்துகொண்டே. போனில் பேசுவதும் நடந்துகொண்டே. ஒருமுறை காய்ச்சல் வந்து கிளினிக்குக்குப் போனார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டியபடியே வெளியே எழுந்து வந்துவிட்டார் என்று நர்ஸ் கடைக்கே போன் பண்ணினாள்.

தான் உட்காராததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிறர் சும்மா உட்கார்ந்திருப்பதும் அவருக்குப் பிடிக்காது. மத்தியானச் சாப்பாடு முடிந்து நாங்கள் ஆளுக்கொரு போனில் தலையைக் கவிழ்த்தால் போதும், மேசை நடுவில் தட்டென்று ஒரு பிஸ்கட் டின் வந்து விழும். மூடியைத் திறந்தால் ஐஸ்கிரீம் குச்சி, சட்டைப் பட்டன், பாட்டில் மூடி, ரப்பர் பேண்ட், உடைந்த வளையல், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி என்று ஒரு குப்பைக்கூடையே உள்ளே இருக்கும்.

விளையாட்டு ரொம்பச் சுலபம். இரண்டிரண்டு பேராகப் பிரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் மடித்த சீட்டு ஒன்றை எடுத்து அதில் உள்ள சொல்லை மனசுக்குள் படிக்க வேண்டும். அது பொருளா, இடமா, ஆளா, செயலா என்பதை மட்டும் சொல்லலாம். அதற்குமேல் வாயைத் திறக்கக் கூடாது. டின்னில் இருப்பதை வைத்து ஒரு தட்டின்மேல் அந்தச் சொல்லைப் படமாக அடுக்க வேண்டும். குச்சியை எழுத்து மாதிரியோ எண் மாதிரியோ வைத்தால் ஆட்டம் போச்சு. பட்டனை நகர்த்தலாம், மூடியைப் பறக்கவிடலாம், அதெல்லாம் அனுமதி உண்டு. போனில் வைத்த நேரம் முடிந்து மணி அடிப்பதற்குள் ஜோடி கண்டுபிடித்துவிட்டால் ஒரு மணி கிடைக்கும், பாசிமணி. கண்டுபிடிக்காவிட்டால் எதிரணி ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம்.

இவ்வளவையும் அண்ணன் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு “அடுக்கு, பேசாத, மணி” என்ற மூன்று சொல்தான் காதில் விழும்.

ஜோடி பிரிக்கும்போது அவரோடு சேர யாரும் முன்வர மாட்டார்கள். கடைசியில் நான்தான் மாட்டுவேன். ஏனென்றால் அவர் அடுக்கும் படத்தை மனிதப் பிறவியால் கண்டுபிடிக்க முடியாது. சீட்டில் உள்ள பொருளை அவர் அடுக்கவே மாட்டார், அதனால் என்ன ஆயிற்று என்பதை அடுக்குவார். ‘பூனை’ வந்தால் கவிழ்ந்த குப்பைத்தொட்டி. ‘மழை’ வந்தால் துணி எதுவும் இல்லாத வெறும் கொடி. ஒருநாள் மோட்டார் சைக்கிள் ஒன்றை அழகாக அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் மோட்டார், டெஸ்பாட்ச், விபத்து, போலீஸ் என்று கத்திப் பார்த்தேன். மணி அடித்தது. சீட்டைப் பிரித்தால் ‘பல் வைத்தியர்’ என்றிருந்தது. பல் வைத்தியர் எங்கே என்று கேட்டேன். தான் அவர் வாசல் வரைக்கும் போய்ப் பயந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டதாக விளக்கம் சொன்னார். அது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஒரே கடையில் வேலை செய்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கோபித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு கல்யாணத்தைக் காப்பாற்றினார். சரியாகச் சொன்னால், காப்பாற்றப்படும்போது பக்கத்தில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் இரண்டு குடும்பங்கள் அட்டையை இறுதி செய்ய வந்திருந்தன. பெண் கவிதா, கிள்ளான்காரி. அவளுடைய அப்பா லோரி கம்பெனி நடத்துகிறவர். கடைக்குள் பேசினால் தெருவில் கேட்கும் குரல். மாப்பிள்ளை பிரகாஷ், ரவாங்காரன். அவனுடைய அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. மெதுவாகத்தான் பேசுவார், ஆனால் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். கோயிலில் தாலி கட்டுவதில் பிரச்சினை இல்லை. இரவு விருந்தான டின்னர் எந்த ஊரில் என்பதுதான் தகராறு. நான் கம்ப்யூட்டரில் ‘கிள்ளான்’ என்று அடிப்பேன், அந்த அம்மா இருமுவார். ‘ரவாங்’ என்று மாற்றுவேன், அப்பா எழுந்து நிற்பார். பேச்சு மண்டபத்திலிருந்து சாப்பாட்டுக்குப் போய், அங்கிருந்து நிச்சயதார்த்தத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பதற்கு வந்தது. கடைசியில் கவிதாவே சொன்னாள்.

“அப்பா, கார்டே வேணாம். எதுவுமே வேணாம். வீட்டுக்குப் போலாம்.”

போக முடியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டு ஊற்றியது. தெருவில் தண்ணீர் கணுக்கால் வரை ஏறி, கார் நிறுத்திய இடமே தெரியவில்லை. நான்கு பேரும் நான்கு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார், நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் சொட்டச் சொட்ட நனைந்தபடி அண்ணன் உள்ளே வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நான்கு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், அது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. மேடம் கண்ணால் ஜாடை காட்டினார், வேண்டாமென்று தலையை ஆட்டினார். மேசைமேல் டின் விழுந்துவிட்டது. அவர்களுக்குள் என்ன உறவு என்றுகூடக் கேட்காமல், பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்களை ஜோடியாக்கினார். அப்படித்தான் கவிதாவின் அப்பாவும் பிரகாஷின் அம்மாவும் ஒரே அணியானார்கள். மறுக்கலாமென்று அவர்கள் வாயைத் திறப்பதற்குள் சீட்டு அந்த அப்பாவின் கைக்கு வந்துவிட்டது. போனில் நேரமும் ஓட ஆரம்பித்தது.

அவருக்கு வந்தது ‘டோல்’, நெடுஞ்சாலையில் காசு வாங்கும் சாவடி. குச்சிகளால் நீண்ட சாலை போட்டார், மூடிகளை வரிசையாகக் கார்களாக நிறுத்தினார், ஒரு குச்சியை மேலும் கீழும் தூக்கி இறக்கினார். ஆசிரியை பள்ளிக்கூட கேட் என்றார். ரயில்வே கேட் என்றார். பேசக் கூடாது என்ற விதி அந்த மனிதரை அதற்கு முன் வாழ்க்கையில் சந்தித்ததே இல்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூடிகளை இன்னும் இன்னும் அடுக்கி வரிசையை மேசை விளிம்பு வரை கொண்டுபோனார். அந்த அம்மாவும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மணி அடிக்கப் போகிற நேரத்தில் “டோல் லா” என்று கத்தினார். அப்பா மேசையை ஓங்கித் தட்டினார். இருவரும் சிரித்துவிட்டு, சிரித்தது ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்தது பிரகாஷ். செயல் என்று மட்டும் சொன்னான். ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தான். அதன் ஓரத்தில் ஒரே ஒரு பட்டனை வைத்தான். அடுத்த பொருளை எடுக்கக் கையை டின்னுக்குள் விட்டவன், எடுக்கவில்லை.

“வெயிட் பண்றது,” என்றாள் கவிதா.

சீட்டில் ‘காத்திருத்தல்’ என்றுதான் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவளுடைய அப்பா கேட்டார். அவள் பட்டனையே பார்த்தபடி பதில் சொன்னாள்.

“அது கேஎல் சென்ட்ரல் பிளாட்பாரம்பா. எங்க கிள்ளான் ட்ரெயின் எப்பவும் லேட். இவரு ரவாங் ட்ரெயின்ல முன்னாடியே வந்து, அந்த ஓரத்துலதான் நிப்பாரு. நான் வந்ததுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் வேலைக்குப் போவோம்.”

ஆசிரியை மகனை ஏறிட்டுப் பார்த்தார். அவன் காலையில் அவ்வளவு சீக்கிரம் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு ஆபீஸ் மீட்டிங் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்திருக்கிறான்.

இந்த இடத்தில் வேறு யாராயிருந்தாலும் அமைதியாக இருந்திருப்பார்கள். கிப்பாஸ் அண்ணன் அந்த ஆட்டம் செல்லாது என்றார். ஒற்றைப் பட்டன் ஒரு படமே இல்லையாம், குறைந்தது முகம் கை கால் வேண்டுமாம். பூனைக்குக் குப்பைத்தொட்டி அடுக்குகிறவர் இதைச் சொன்னார். தட்டைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு எல்லோரிடமும் நியாயம் கேட்டார். கவிதாவின் அப்பாதான் முதலில் பொறுமை இழந்தார்.

“பாஸ், படம் சரியாத்தான் இருக்கு. எனக்கே தெரியுது.”

அதற்குப் பிறகு அந்த மனிதரின் குரல் தெருவுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆசிரியை என் பக்கம் திரும்பி, டின்னரை இங்கேயே, பிரிக்பீல்ட்ஸிலேயே வைத்தால் அட்டையில் எப்படி வரும் என்று கேட்டார். கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருப்பதால் கிள்ளான்காரர்களும் ரவாங்காரர்களும் ரயிலிலேயே வந்து இறங்கலாம் என்றார். அப்பா உடனே சம்மதித்துவிடவில்லை. பார்க்கிங் கிடைக்குமா என்று கேட்டார், லிப்ட் ஓடுமா என்று கேட்டார், ஆட்டுக்கறி அவர் சொல்லும் ஆளிடம்தான் வாங்க வேண்டும் என்றார். கறி விஷயத்தில் அந்த அம்மா விட்டுக்கொடுத்தார். நான் ‘பிரிக்பீல்ட்ஸ்’ என்று அடித்தேன். யாரும் இருமவில்லை.

டின்னருக்கு எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். அண்ணன் டின்னோடு வந்தார். ஒவ்வொரு மேசையாகப் போய் ஆட்டத்தை ஆரம்பித்துவைத்தார். பரிமாறுகிறவர்கள் தட்டை வைக்க இடமில்லாமல் நின்றார்கள். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவுக்குக் காத்திருக்க, கீழே கவிதாவின் அப்பாவும் சம்பந்தியம்மாவும் ஒரு மேசையை முழுசாகத் தோற்கடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அண்ணனும் எல்லா மேசையிலும் தோற்றோம்.

போன வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு செமினிக்குப் போய்விட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வரும். சாப்பாட்டு மேசையில் குச்சியும் பட்டனும் பேத்தியின் கிளிப்பும் அடுக்கிய ஏதோ ஒன்று. அனுப்பிய கையோடு போன் பண்ணி, “என்னா தங்கச்சி, தெரியுதா?” என்பார். மூச்சிரைப்பதிலிருந்து நடந்துகொண்டுதான் பேசுகிறார் என்று தெரியும்.

இத்தனை வருஷம் பழகியதில் சில படங்கள் பார்த்தவுடனே பிடிபட்டுவிடுகின்றன. ஆனாலும் முதலில் நாலைந்து தப்பான பதில்தான் சொல்வேன். சரியாகச் சொல்லிவிட்டால் அவர் போனை வைத்துவிடுவார்.