ஹாலாஸ்யத்தின் அறுநூறு கலோரி

"எம்பத்தி மூணு!"

ஆயா ஒச்சாயி எடையைப் படித்தது கோரிப்பாளையம் முழுவதும் கேட்டிருக்கும். எடை மெஷின் மேல் நின்றிருந்த ஹாலாஸ்யம் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். முள் அசையவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் மெட்ராஸில் குடலைக் குறைத்து ஆபரேஷன் செய்துகொண்டு, நூற்றுப் பதினெட்டிலிருந்து எழுபத்தாறு கிலோவுக்கு இறங்கிய மகானுபாவர் அவர். ஆபீஸில் மாலையெல்லாம் போட்டார்கள். இப்போது போன சதை, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"என் உடம்பு வாகு அப்படி, டாக்டர். தண்ணியைப் பார்த்தாலே ஊதிடறது."

டாக்டர் சிவசங்கரன் நாற்காலி முனக முன்னால் நகர்ந்தார். "சாப்பிடறது அத்தனையும் இந்த நோட்டுல எழுதிண்டு வாங்கோ."

அடுத்த மாதம் நோட்டு வந்தது. மோர் சாதம், ஒரு கரண்டி கீரை. டாக்டர் கூட்டிப் பார்த்தார். நாளைக்கு அறுநூறு கலோரி.

"எம்பத்தி ஆறு!" என்றாள் ஒச்சாயி.

"சத்தியமா ஒரு பருக்கைகூட மறைக்கலை" என்றார் ஹாலாஸ்யம். அதில் பொய்யில்லை. பருக்கையை அவர் மறைக்கவில்லை.

"நம்பறேன் சார். இளைச்ச உடம்பு சிக்கனம் பிடிச்சுடும். அடுப்பைத் தணிச்சு வெச்சுண்டு, முன்னே எரிச்சதை எரிக்கவே எரிக்காது. மூணாவது வருஷத்துப் பசி இருக்கே, அப்பப்பா!" டாக்டருக்குக் குரல் தழுதழுத்தது. "சாதத்தை இன்னும் குறையுங்கோ. தினம் நடங்கோ."

எவ்வளவு நல்ல மனுஷர் என்று ஹாலாஸ்யம் உருகிப்போனார்.

மறுநாளே நடந்தார். காரணமில்லாமல் தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆகவே வண்டியூர் மாரியம்மன் கோயில்வரை நடந்தார். அங்கே தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்பது பாவம். அதை வாங்கித் தின்றுவிட்டு இத்தனை கலோரி என்று நோட்டில் எழுதுவது அதைவிடப் பாவம்.

சாதத்தையும் குறைத்தார். ஏற்கெனவே இருந்த கிருத்திகை, சஷ்டி போதாதென்று சோமவாரம், பிரதோஷம் என்று பஞ்சாங்கத்தில் ஒன்றையும் விடாமல் விரதம். விரத நாளில் சாதம் கிடையாது. வெறும் பலகாரம்தான். நாலு அடை, அதன் மேல் வெண்ணெய், ஓரத்தில் வெல்லம். விரதமிருந்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று எழுத முடியுமா? அந்தப் பக்கங்களில் 'உபவாசம்' என்று முத்துமுத்தாக எழுதி வைத்தார்.

"எம்பத்தி ஒம்போது! மெஷினு தாங்காது, எறங்குங்க சாமி."

நோட்டைப் புரட்டிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "முந்நூறு கலோரிதானா? இதுக்கும் ஏறறதுன்னா இனிமே பேச்சே இல்லை. மிச்சக் குடலையும் குறைச்சுட வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை மெட்ராஸ் கிளம்பணும். பயப்படாதீங்கோ, நானும் கூட வரேன்."

ஹாலாஸ்யத்துக்கு வியர்த்துக் கொட்டியது. போன தடவை நாற்பது நாள் வெறும் கஞ்சித் தண்ணீரில் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

பக்கத்தில் இருந்த மனைவி பாலாம்பாள் முழங்கையால் இடித்தாள். "மறுபடியும் கத்தி வெச்சா நான் தாங்க மாட்டேன். அந்தப் பலகாரத்தைச் சொல்லித் தொலையுங்கோ!"

மானமா, குடலா? ஹாலாஸ்யம் குடலைக் காப்பாற்றிக்கொள்ளத் தீர்மானித்தார்.

"டாக்டர்... கோயில் பிரசாதத்தை எழுதலை. விரதப் பலகாரத்தையும் எழுதலை. தின்னி மாடு நான். உடம்பு மேல பழியைப் போட்டுட்டேன்."

டாக்டர் முகம் வெளிறிப்போனது. "பலகாரத்தையுமா எழுதணும்?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார். மேஜை டிராயரைத் திறந்து உள்ளேயிருந்த இன்னொரு நோட்டைப் பார்த்தார், படாரென்று மூடினார். எழுந்து உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கோவிச்சுண்டு போயிட்டாரே! இப்போ ஆபரேஷன் உண்டா, இல்லையா?" என்று ஹாலாஸ்யம் தவித்தார்.

ஒச்சாயி சாவகாசமாக மெஷினைத் துடைத்தாள்.

"கோவமெல்லாம் இல்ல சாமி. உங்களுக்கு ஒரு வருசம் முந்தி அவருக்கும் இதே ஆபரேசன்தேன். ரெண்டாந்தடவ வெட்டிக்கத்தேன் செவ்வாக்கெழம அவரும் கெளம்ப இருந்தாரு. இன்னிக்குச் சஷ்டியில்ல, வீட்டுலருந்து வந்த அடைத் தூக்குச்சட்டிய மடியில வச்சுக்கிட்டு உள்ள முழிச்சுக்கிட்டு இருக்காரு."