கறுப்பனுக்கு உடையவர் யார்?

திருவிதாங்கூர் ராஜ்யம் முழுவதிலும் நாய்களுக்கு ஜாதகம் எழுதி வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் நாய் ஓவர்சியர்தான். மனிதர்களுக்கே பிறந்த தேதி சரியாகத் தெரியாத காலம் அது, முப்பதுகளின் தொடக்கம். நாஞ்சில் நாட்டில் ஒரு சின்ன முனிசிபாலிட்டியில் நான் குமாஸ்தா. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். இந்தக் கதையில் வரும் பண்ணையாரின் பேரன்மார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் நாய் இருக்கிறது.

அவருடைய உண்மையான உத்தியோகம் நாய் பிடிக்கும் சேவகன். ஓவர்சியர் என்பது அவரே தமக்குக் கொடுத்துக்கொண்ட பதவி உயர்வு. காக்கிக் கோட்டு, தலைப்பாகை, கையில் வெண்கல மணி, கக்கத்தில் கனத்த புத்தகம். நாய் வளர்ப்பவர்கள் அந்தப் புத்தகத்தில் பதிந்து, பித்தளை வில்லை வாங்கி நாயின் கழுத்தில் கட்ட வேண்டும். உடையவர் இல்லாத நாயைப் பிடித்துக் கொன்றுவிட வேண்டும். இதுதான் சட்டம்.

பிடிப்பதற்கு முன் பொதுஜனங்களுக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் ஒரு வரி இருந்தது. மனுஷன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தெருமுனையில் நின்று கால் மணி நேரம் மணியடிப்பார். மணி ஓய்வதற்குள் விவரமுள்ள நாய்களெல்லாம் வயல் தாண்டிப் போயிருக்கும். மற்றவை வாலை ஆட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே ஊர்வலம் வரும்.

"இதுகளையாவது பிடியுமேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓடுகதைத்தான் தம்பி பிடிக்கணும். தானா வந்தா அது ஆஜரு. ஆஜரானவனைப் பிடிக்கப்பிடாது."

எட்டு வருஷ சர்வீசில் அவர் பிடித்த நாய் ஒன்றுகூட இல்லை. மாதாந்திர ரிப்போர்ட்டில் 'உடையவர் இல்லாத நாய்: இல்லை' என்று எழுதிக் கொடுப்பார். தெருவெல்லாம் நாயாகக் கிடந்த ஊரில் இது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

புத்தகத்தில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம். 'நிறம்: பழைய செங்கல். இடது காது: நிற்கும். வலது காது: யோசிக்கும். குணம்: பெண்களிடம் மரியாதை உண்டு, தபால்காரரிடம் கிடையாது.' முனிசிபல் பிரசிடென்ட் வீட்டு நாய்க்கு 'குணம்: உடையவரைப் போல' என்று எழுதிவிட்டார். உடனே திருத்தும்படி பிரசிடென்ட் ஆளனுப்பினார். "நாயி வருத்தப்படுதோ?" என்று விசாரித்துவிட்டுத்தான் திருத்தினார்.

இப்படி ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்த நாய் இலாகாவுக்குள் ஒருநாள் காலை ரோசம்மை நுழைந்தாள். கடற்கரையிலிருந்து தலையில் மீன்கூடையோடு ஏழு மைல் நடந்து வந்து விற்கிறவள். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். அவள் கெண்டைக்காலில் இரத்தம், தலையில் கூடை, கூடையில் ஒரு மீன்கூடக் குறையவில்லை.

"பெரியவீட்டுக் கறுப்பன் கடிச்சுட்டான் ஓவர்சியரே! காலைக் கவ்வி ஆட்டுகான், நான் கூடையை விட்டனா? விடல்ல!"

பெரியவீடு என்றால் பண்ணையார் வீடு. கறுப்பன் நாலு வருஷமாக அந்த வாசலில்தான் படுத்திருக்கிறான். ஊருக்கே தெரியும். ஆனால் கடித்த நாய்க்கு உடையவன் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது பண்ணையார் வெற்றிலையை மென்றுகொண்டே, "நம்ம நாயா? யாருவே சொன்னா? அது தெருவுல போற சவம்" என்றார். அவர் ஒருநாளும் வில்லை வாங்கியதில்லை. நாய்க்கு உடையவர் உண்டென்றால் வைத்தியச் செலவும் படுத்த நாட்களுக்கு ஈடும் அவர் தர வேண்டும். இல்லையென்றால் ரோசம்மைக்கு ஒன்றும் கிடையாது.

அதோடு நில்லாமல் மறுநாளே ஒரு மனுவும் அனுப்பிவிட்டார்: 'மேற்படி வெறிநாயை இன்றே சுட்டுவிட வேண்டியது.'

ஓவர்சியர் மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கடிச்ச நாயைப் பத்து நாளு உயிரோட வச்சுப் பாக்கணும்னு சட்டம். இருந்தா நல்ல நாயி, செத்தா வெறிநாயி. இப்பமே சுட்டுட்டா அந்தப் பொம்பளை பயந்தே செத்துருவா." பெரியவீட்டு முனையில் போய் மணியடித்தார். கறுப்பன் தானாக வந்தான். ஆஜர்.

அவிழ்ந்து திரியும் மாடுகளை அடைக்கும் கொண்டித்தொழு எங்கள் ஆபீசுக்குப் பின்னால் இருந்தது. அதில் ஒரு மூலையில் கறுப்பனைக் கட்டினோம். பத்து நாளுக்குள் நாய் செத்தால் ரோசம்மை பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று முதல் தினமும் கருவாட்டு வண்டியில் ஏறி, நொண்டி நொண்டி வந்துவிடுவாள், கையில் இலைப்பொதியில் சாளை மீன்.

"ஏலே கறுப்பா, திண்ணு! செத்துக் கித்துத் தொலைச்சிராதே. நீ போனா எனக்க பிள்ளைகளுக்கு ஆரு இருக்கா?"

கடிபட்டவள் கடித்தவனுக்கு முள்ளெடுத்து ஊட்டிய அந்தக் காட்சியைப் பார்க்க ஊரே வேலி ஓரமாக நின்றது. நாலாம் நாள் கறுப்பன் மீனை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரோசம்மை தொழுவிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தாள், ஓவர்சியர் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார். விசாரித்ததில், அவள் வருவதற்கு முன்பே ஓவர்சியர் ஒரு சட்டி சோறும், அவருக்கும் முன்பே நான் நாலு தோசையும் வைத்திருந்தது தெரிந்தது. கறுப்பனுக்கு வந்திருந்தது வெறியில்லை, அஜீரணம்.

பத்தாம் நாள் கறுப்பன் கொழுகொழுவென்று எழுந்து நின்று குரைத்தான். "எனக்க மக்கா!" என்று ரோசம்மை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். உயிர்ப்பயம் போயிற்று. ஆனால் கால் புண் ஆறவில்லை, கூடை சுமக்க முடியவில்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை. முன்சீப் கோர்ட்டில் பண்ணையார் மேல் வழக்குப் போட்டாள்.

கோர்ட்டில் பண்ணையாரின் வக்கீல் கெட்டிக்காரத்தனமாக, "உடையவர் யாரென்று நாயே சொல்லட்டும்" என்றார். கயிற்றை அவிழ்த்தோம். கறுப்பன் பண்ணையாரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே போய் ரோசம்மையின் மடியில் தலையை வைத்துப் படுத்தான்.

"பார்த்தீர்களா? கடிபட்டவளின் சொந்த நாய்!" என்று வக்கீல் கூவினார். கோர்ட்டே சிரித்தது.

முன்சீப் சிரிப்பை அடக்கிக்கொண்டு முனிசிபாலிட்டிப் புத்தகத்தைக் கேட்டார். ஓவர்சியர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திறந்தார். "கறுப்பன். நிறம்: பெயரைப் போல. குணம்: விசுவாசம் உண்டு, தெரியாதவர்களைக் கடிக்கும். உடையவர்..." என்று வாசித்து நிறுத்திவிட்டார். முன்சீப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அந்த இடத்தில் ஓவர்சியரின் பெயரே இருந்தது. மேலும் பக்கங்களைப் புரட்டினார். கேட்பாரற்ற தெருநாய் ஒவ்வொன்றுக்கும் அதே பெயர்.

"இவ்வளவும் உம்முடைய நாய்களா?"

"ஆமா எஜமானே. வில்லை வாங்க ஆளு இல்ல. ஆளு இல்லைன்னா கொல்லணும்னு சட்டம். உடையவன் பேரு இருந்தா கொல்லாண்டாம்னும் சட்டந்தான்." தாமே காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த பித்தளை வில்லைகளைக் கோட்டுப் பையிலிருந்து அள்ளி மேஜைமேல் கொட்டினார். அவை உருண்டு ஓடி அடங்குவதற்குள் ஒரு யுகம் ஆயிற்று.

"அப்படியானால் நஷ்டஈடு நீர்தான் கொடுக்க வேண்டிவரும், தெரியுமா?"

"உத்தரவு" என்றார் ஓவர்சியர், தலைப்பாகையைச் சரிசெய்தபடி. வழக்கு இரண்டு வாரத்துக்குத் தள்ளிப் போடப்பட்டது. பண்ணையார் சிரித்த சிரிப்பில் தோளிலிருந்த நேரியல் நழுவி விழுந்தது. வெளியே வந்ததும் ரோசம்மை பிடித்துக்கொண்டாள்: "உமக்குக் கிறுக்கா ஓவர்சியரே? உம்ம கஞ்சியில மண்ணள்ளிப் போடவா நான் கேசு குடுத்தேன்?" அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

காப்பாற்றியவர் பண்ணையார்தான். காவலுக்கிருந்த கறுப்பன் இன்னும் எங்கள் தொழுவிலேயே கட்டிக் கிடந்ததால் அவர் தோப்பில் தேங்காய் குலை குலையாகக் காணாமல் போயிற்று. வழக்கைத் தள்ளிப் போட்ட ஒன்பதாம் நாள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"நம்ம நாயை அவிழ்த்து விடும்வே."

"மனு வேணுமே. சும்மா விட முடியாது" என்றார் ஓவர்சியர். "தம்பி, எழுதுங்க. எத்தனை வருசமா வளக்கீக?"

"குட்டியில இருந்து. நாலு வருசம்."

"சாப்பாடு?"

"நம்ம வீட்டுச் சோறுதான்."

"குணம்?"

இங்கேதான் பண்ணையாருக்கு உற்சாகம் பிறந்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஒருத்தன் நம்ம நடைக்குள்ள காலு வைக்க முடியாதுவே! போன வருசம் தபால்காரனைப் புடுங்கிட்டான். அந்த மீன்காரியை எப்படிக் கவ்வினான் பாத்தீரா? அதாம்வே நாயி!"

"அதையும் எழுதுங்க தம்பி."

எழுதினேன். பண்ணையார் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, கறுப்பனை இழுத்துக்கொண்டு போனார். ஓவர்சியர் புத்தகத்தில் தம் பெயரை அடித்து அவர் பெயரை எழுதினார். "புத்தகம் சரியாயிட்டு. வலது காதைப் பத்திக் கேக்க விட்டுப்போச்சு" என்று வருத்தப்பட்டார். எல்லாம் தெரிந்துதான் செய்தாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வாய்தாவில் அந்த மனுவை நான் வாசித்தேன். பண்ணையாரின் வக்கீல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோசம்மைக்குக் கேட்டது முழுவதும் கிடைத்தது. கால் ஆறி அவள் மறுபடி கூடையோடு வர ஆரம்பித்தபோது, கறுப்பன் வில்லை குலுங்க ஊர் எல்லையில் காத்திருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

நாலு வருஷம் கழித்து ஓவர்சியர் பென்ஷன் வாங்கினார். மணியையும் புத்தகத்தையும் என் மேஜையில் வைத்து, "பாத்துக்கிடுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். நாய்கள் தெருமுனை வரை அவரோடு போய்விட்டுத் திரும்பின. அன்று சாயங்காலம் நான் புத்தகத்தைத் திறந்து, அவர் பெயர் இருந்த இடங்களிலெல்லாம் என் பெயரை எழுதினேன்.

அடுத்த வாரமே அதில் ஒன்று என்னைக் கடித்தது. என் நாய், நான் யார்மேல் வழக்குப் போடுவது? நொண்டிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"எந்த நாயி?" என்று கேட்டார். சொன்னேன். காலைப் பிடித்துக் கழுவிக்கொண்டே, "பாவம், ஆளு மாறினது அதுக்குத் தெரியாதுல்லா" என்றார்.

காலும் வலித்தது, சிரிப்பும் வந்தது. எனக்கும்தான் அந்த ஆளை மாற்ற மனசில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர், "அதுக்குச் சோறு வச்சீங்களா?" என்று கேட்டார்.