கேக்குதா அண்ணனும் சத்தமில்லாத கடலும்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பேயை நம்பாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கேக்குதா அண்ணன் குடிவந்த பிறகு ஒருவரும் இல்லை.

காலி வீதியில் காதுக் கருவி விற்கும் கடையொன்றில் செவிப்புலன் சோதிப்பது அவருடைய வேலை. சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். நாள் முழுக்க "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் அவருக்கு வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. எங்கள் தொடர்மாடியின் லிப்ட் கதவு திறக்கும். உள்ளே நெடிய உருவம் ஒன்று தலையைச் சரித்துக்கொண்டு நிற்கும். "கேக்குதா?" என்னும். அவ்வளவுதான். அதன்பிறகு வீடுபோய்ச் சேரும்வரை இல்லாத சத்தமெல்லாம் நமக்குக் கேட்கும். ஐந்தாம் மாடிக்குப் புதிதாக வந்த குடும்பமொன்று இதற்காகவே படியால் ஏறி இறங்கி மெலிந்துபோனது.

காதடைப்பு என்று நானும் ஒருமுறை அவரிடம் போய் மாட்டிக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்தி, ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தினார். அப்படியொரு அமைதி கொழும்பில் எங்கும் கிடையாது. என் இரத்தம் ஓடுவது எனக்கே கேட்டது. பிறகு யாரோ அடித்தொண்டையால் முனகுவதுபோல ஒரு சத்தம். அது ஏறி ஏறி விசிலாகி, நுளம்பின் ரீங்காரமாகி, ஊசிமுனையாகி, இல்லாமல் போனது. கண்ணாடிக்கு வெளியே அவருடைய கை மட்டும் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சுதா அண்ணன்?"

ஹெட்போனுக்குள் அவர் குரல் வந்தது. "இல்லை தங்கச்சி. இப்பவும் சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கு. உங்களுக்குத்தான் கேக்கேல்லை."

எனக்குப் பிடரி சிலிர்த்தது. வெளியே வந்ததும் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு விளக்கம் வேறு: "மீடிறன் படிச்சனீங்கள்தானே? செக்கனுக்கு எத்தினை தரம் அதிருது எண்ட கணக்கு. இருபதுக்குக் கீழ போனாலும் கேக்காது, இருபதாயிரத்துக்கு மேல போனாலும் கேக்காது. மிச்சமெல்லாம் எங்களுக்குத் தெரியாமல் எங்களைச் சுத்தி நடந்துகொண்டுதான் இருக்கு." ஒரு கிழமைக்கு என் வீட்டு ஃபேன் சுற்றுவதுகூட யாரோ மூச்சுவிடுவதுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பாதையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவார். ஊரே கடலைப் பார்த்தபடி இறால் பதித்த இஸ்ஸோ வடை தின்னும். அவர் கடலுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுப்பார். செய்வினை செய்கிறார் என்று பிலோமினாக்கா முடிவுகட்டிவிட்டார். அக்கா எனக்குப் பக்கத்து வீடு. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், கேக்குதா அண்ணனைக் கண்டாலே சிலுவை போட்டுக்கொள்வார். நான்தான் துணிந்து கேட்டேன்.

"அலையை எண்ணுறன் தங்கச்சி. ஒரு அலை உடைஞ்சு அடுத்தது உடைய எவ்வளவு நேரம்? அதுக்கு ஆவர்த்தன காலம் எண்டு பேர். காதில செக்கனுக்கு எத்தினை அதிர்வு எண்டு பாக்கிறம், இங்க ஒரு அலைக்கு எத்தினை செக்கன். திருப்பிப் போட்டால் ரெண்டும் ஒரே கணக்கு. நேரம் கூடினால் மீடிறன் குறையும்."

"அதை எண்ணி என்ன செய்யப் போறீங்கள்?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறன்."

இப்படியிருக்க, பிலோமினாக்காவின் மகள் ஷாமினிக்குக் கலியாணம் சரிவந்தது. இப்போதெல்லாம் தாலி ஏறும் முன்னமே சோடியாக நின்று படம் பிடிக்கவேண்டுமே! ஒரு பின்னேரம் வெள்ளைக் கவுணும் அதன் நீண்ட வாலுமாகப் பிள்ளையைக் கடற்கரைப் பாறையில் ஏற்றிவிட்டார்கள். பக்கத்தில் மாப்பிள்ளை. அக்காவும் நானும் கீழே காவல். காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிவிட்டதுபோல மினுங்கியது. கமராக்காரச் சிங்களப் பொடியன் "சுப்பிரி! சுப்பிரி!" என்று வெளிச்சத்தை மெச்சித் துள்ளினான்.

கேக்குதா அண்ணன் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். முதல்முறையாக அவர் கடலைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டேன். முகத்தில் இரத்தமில்லை.

"கேக்குதா?"

"என்ன அண்ணன்?"

"ஒண்டும் கேக்கேல்லை. அதைத்தான் சொல்லுறன்."

ஓர் அலை சோம்பலாக வந்து பாறையைத் தடவிவிட்டுப் போனது. அடுத்ததற்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. இன்னும் காத்திருந்தோம். கரை முழுவதும் யாரோ கையால் பொத்திப் பிடித்ததுபோல அடங்கிக் கிடந்தது.

"வழமையா எட்டு, ஒன்பது செக்கன். இண்டைக்குப் பதினெட்டு. தெற்கில எங்கயோ பெரிய புயல், அங்க கிளம்பின அலை இது. நடுக்கடலில தெரியாது, கரைக்குக் கிட்ட வந்துதான் எழும்பும். பிள்ளையளை இறக்குங்கோ."

"நல்ல காரியம் நடக்கிற நேரம் வந்து நாவூறு போடாதேங்கோ!" என்று சீறினார் அக்கா.

அவர் செருப்பைக் கழற்றினார். பாறையில் ஏறினார். கவுணின் வாலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்தார் ஓட்டம்!

வால் போனால் கவுணும் போகும், கவுண் போனால் பெண்ணும் போகத்தானே வேண்டும். ஷாமினி அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை. அவனுக்குப் பின்னால், விரல் பட்டுக் கமரா தன்பாட்டில் கிளிக் கிளிக் என்று அடிக்க, "அங்கிள், பிஸ்ஸுத? உங்களுக்குப் பைத்தியமா?" என்று இரண்டு பாஷையிலும் கத்தியபடி கமராக்காரன். குடையை ஓங்கிக்கொண்டு "கள்ளன்! கள்ளன்!" என்று பிலோமினாக்கா. எல்லோரும் ஓடுகிறார்களே என்று நானும்.

தண்டவாளக் கற்களில் கால் வைத்துத்தான் திரும்பிப் பார்த்தோம்.

கடலைக் காணவில்லை. சத்தமே இல்லாமல் பின்வாங்கியிருந்தது. நாங்கள் ஒருநாளும் காணாத பாறை அடிகள் கறுப்பாக, பாசி தொங்க, பல் விழுந்த ஈறுபோலத் தெரிந்தன. எனக்குள் ஏதோ முழங்கியது. காதில் இல்லை, எலும்பில்.

பிறகு அது எழும்பியது. நுரையில்லை, சுருளவில்லை. வீட்டுத் தரை அப்படியே மேலெழுவதுபோல எழும்பி, பாறையை விழுங்கி, கமராவின் முக்காலியை விழுங்கி, அக்கா தின்னக் கொண்டுவந்திருந்த பற்றிஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, மெதுவாக ஏறிவந்து எங்கள் கணுக்காலைத் தொட்டது. தேடிவந்த ஆட்கள் இவர்கள்தானா என்று பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றது. பிறகு இறங்கிப் போனது.

"சுனாமி!" என்று யாரோ கத்தினார்கள்.

"சுனாமி இல்லை," என்றார் கேக்குதா அண்ணன் மூச்சிரைக்க. "அதுக்கு ஒரு அலைக்கு நிமிசக் கணக்கு." கவுண் வால் இன்னும் கக்கத்தில்தான் இருந்தது.

பிலோமினாக்கா மகள் நின்ற பாறையைப் பார்த்தார். அது தண்ணீருக்குள் இருந்தது. குடையைக் கீழே போட்டார். கவுண் வாலை அண்ணனிடமிருந்து வாங்கி, அதாலேயே அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டார். அவ்வளவு விலையான துணியால்!

கமராவில் ஓட்டத்தில் விழுந்த படங்கள்தான் உருப்படியாக வந்திருந்தன. வெள்ளை வாலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தபடி வெறுங்காலுடன் ஓடும் மனிதர் ஒருவர். அக்கா அதைப் பெருப்பித்து வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் யாரென்று கேட்டால், "எங்கட ஆள்" என்பார். அதற்குமேல் விளக்கம் கிடையாது.

போன வருஷம் கடைக்காரர்கள் அவரை மட்டக்களப்புக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேயும் கடல் இருக்கிறது, அவருக்குப் பொழுது போகும். நாங்கள்தான் பின்னேரங்களில் கரைக்குப் போனால், அலையை எண்ணிச் சொல்ல அவர் இல்லையே என்று, கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருகிறோம்.