தக்காளி விலை ஏறியதற்கு நான் காரணமில்லை

பாதி கற்ற கராத்தேயும் பாதி கற்ற தர்க்கமும் ஒன்றுதான். முதலில் அடிபடுவது கற்றவன். கராத்தே எனக்குத் தெரியாது. தர்க்கத்தில் அடிபட்ட கதையைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூர் வந்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். ஒரு நாள் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து டிரெய்னிங் கொடுத்தார். மெஷினில் கோளாறு வந்தால் உண்மையான காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது பாடம்.

"ஒண்ணுக்கு அப்புறம் இன்னொண்ணு நடந்தா, அதனாலதான் நடந்துச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. காக்கா உட்கார பனம்பழம் விழுந்தா, காக்காவை ரிஜெக்ட் பண்ணக் கூடாது" என்றார்.

எனக்கு ஞானக்கண் திறந்துவிட்டது. அன்றிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் அதில் காக்காவைத் தேட ஆரம்பித்தேன். எலுமிச்சம்பழம் வைத்த பிறகுதான் மூன்றாம் நம்பர் மெஷின் ஓடியது என்ற சூப்பர்வைசரிடம், "அது காக்கா சார்" என்றேன். (அடுத்த மாதம் முழுக்க எனக்கு நைட் ஷிப்ட். இதனால்தான் அது என்று என்னால் நிரூபிக்க முடியாது.)

இந்த நிலையில்தான் ராயக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். அதற்கு முன் ஐந்து இடங்கள் தட்டிப்போயிருந்தன. ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அம்மா, "இதுவும் தட்டிப்போச்சுன்னா நீயாச்சு, உன் மெஷினாச்சு" என்று சொல்லியிருந்தாள்.

பெண்ணின் அப்பா முனிராஜ் தக்காளி விவசாயி. மஞ்சுளா காபித் தட்டோடு வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனாள். எனக்குப் பிடித்துவிட்டது. ஏன் என்று ஆராயத் தோன்றவில்லை.

முனிராஜ் சிரித்தபடி சொன்னார்: "ரெண்டு மாசமா தக்காளி வெலை கீழயே கெடந்துதுங்க தம்பி. உங்க ஜாதகம் வந்த மறுநாளே மார்க்கெட்ல ஏறிப்போச்சு. மாப்பிள்ள வந்த நேரம்னுதான் ஒடனே உங்கள வரச் சொன்னோம்."

அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். புத்தியுள்ள எவனும் அந்த நேரத்தில் தலையைக் குனிந்து ஒரு வாய் கேசரி சாப்பிட்டிருப்பான்.

"அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றேன் நான்.

"எப்படிங்க?"

"காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைங்க இது. மழை பேஞ்சு கோலார்லேருந்து தக்காளி லோடு வந்திருக்காது, அதான் வெலை ஏறியிருக்கும். என் ஜாதகம் தரகர் பையிலயே கெடந்திருந்தாலும் ஏறியிருக்கும்."

"அப்ப உங்க ஜாதகத்தால ஒண்ணும் இல்லைங்கறீங்க?"

"துளிகூட இல்லைங்க."

"வாயில கேசரியப் போடுல" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். முனிராஜ், எங்களுக்குப் புரியக் கூடாதென்று, தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அதில் 'பிச்சி' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. (பைத்தியம். ஓசூர் வந்த முதல் வாரமே கற்றுக்கொண்டது.)

உலகத்திலேயே எனக்குச் சாதகமாக இருந்த ஒரே வாதத்தை நானே உடைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. முனிராஜ் எழுந்தார். "சரிங்க, கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்." இந்த வாக்கியத்தை ஏற்கெனவே ஐந்து வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

"அப்பா, ஒரு நிமிசம்." கதவருகே மஞ்சுளா நின்றிருந்தாள். "அக்கா வாழப்போன மூணாம் நாளு அவங்க பசு செத்துது. இவ வந்த நேரம்னு இன்னிக்கு வரைக்கும் அவளக் குத்திக் காட்டறாங்க. நீங்களும் எத்தன தடவ அழுதுட்டு வந்தீங்க? வெலை ஏறுனதுக்கே தான் காரணமில்லங்கறவரு, நாளைக்கு ஏதாச்சும் கெட்டுப்போனா என்னையா சொல்லப் போறாரு?"

முனிராஜ் மறுபடி உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் காட்டியது வெறும் மேதாவித்தனம். அவளோ அதிலிருந்து தனக்கு ஒரு வாழ்க்கையையே எடுத்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"நீங்க என்னங்கம்மா சொல்றீங்க? உங்க வீட்டுல அந்த மாதிரி பேச்சு வராதே?" என்று முனிராஜ் என் அம்மாவிடம் கேட்டார்.

தும்மலுக்கெல்லாம் பலன் பார்க்கிற அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். "நான் பேசினாலும் இவன் விடவா போறான்?" என்றாள் அலுப்புடன்.

கல்யாணம் நடந்த வாரமே தக்காளி விலை படுத்துவிட்டது. நாங்கள் மறுவீடு போனபோது மாமனார் என்னைத் தனியாக அழைத்து, "மாப்ள, இதுவும் காக்காதானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து மகள் பிறந்தாள். மாமனார் ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தார். "பேத்தி வந்த நே..." என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார்.

"இல்லைங்க மாப்ள, மார்க்கெட்ல வெலை ஏறியிருக்குது. சும்மா தகவலுக்குச் சொன்னேன்."

குழந்தை என் கையில் இருந்தது. என் விரலைப் பிடித்திருந்தது.

"இவ வந்த நேரம்தான் மாமா" என்றேன்.

கட்டிலில் படுத்திருந்த மஞ்சுளா, தையல் வலியையும் மறந்து, "கா... கா..." என்று கரைந்தாள்.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். எதற்காவது காரணம் சொல்ல நான் வாயெடுத்தால் போதும், அம்மாவும் மகளும் சேர்ந்து கரைகிறார்கள்.